கல்மடுவில் முதல் தூண்டில்

சித்திரை மாதத்தில் சங்கராபரணியைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பவர்கள் அதை ஆறு என்று நம்ப மாட்டார்கள். மணலும், மணல் போன இடத்தில் வேலிகாத்தான் முள்ளும், நடுவில் மாடு நடந்த தடமுமாகக் கிடக்கும். திருவக்கரை அம்மனைப் பார்க்க பௌர்ணமிக்கு வந்தவர்கள் உங்களில் இருந்தால், பஸ் ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் பாலத்திலிருந்து கிழக்கே ஒரு மைல் நடந்தால் கல்மடு இருக்கிறது. ஆறு திரும்புகிற இடம் அது. அடியில் பாறை என்பதால் தண்ணீர் நிற்கும். மற்ற மடுக்கள் பங்குனியிலேயே சேறாகிவிட, ஆற்றில் உயிரோடு இருக்கிற மீன் அத்தனையும் கோடைக்கு அங்கேதான் வந்து ஒதுங்கும்.

மடுவுக்கு மேலே மேட்டில் எங்கள் காலனி. முப்பது வீடு. பாதி வீட்டில் சிலுவை, பாதி வீட்டில் அம்மன் படம். வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் திண்டிவனத்துக் கடைகளுக்கும் போகிறவர்கள். கோடையில் வயலில் வேலை இருக்காது. அப்போது குழம்புக்கு மீன் கல்மடுதான் கொடுக்கும்.

அந்த மடுவில் முத்துசாமியைப் போலத் தூண்டில் போட ஆள் கிடையாது. மற்றவர்கள் மண்புழுவைக் கோத்து, தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் உட்கார மாட்டார். சேவலின் கழுத்து இறகு இரண்டு, தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டிய ஒரு துண்டு, இரண்டையும் தூண்டில் முள்ளோடு சேர்த்துக் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டுவார். கட்டி முடித்தால் தும்பி மாதிரி இருக்கும். நீளமான மூங்கில் கழியின் நுனியில் நைலான் நரம்பு, நரம்பின் நுனியில் அந்தப் பொய்த்தும்பி. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் அது போய்த் தண்ணீரின் மேல் தொட்டும் தொடாமலும் உட்காரும். எழும்பும். மறுபடி உட்காரும். அடியில் கிடக்கும் விரால் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்கும்? பாய்ந்துவிடும். காலையில் போனார் என்றால் அரை மணி நேரத்தில் இரண்டு விராலைக் கோத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

இந்தக் கதைக்குத் தேவையான இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மடு ஓர் உயிரை எடுத்துக்கொண்டால், அந்த வீட்டார் வந்து முதல் தூண்டிலைப் போடும் வரை வேறு யாரும் அதில் வலை வீசமாட்டார்கள், முள்ளும் போட மாட்டார்கள். வீட்டார் போடும் தூண்டிலில் மாட்டுகிற முதல் மீனை, பெரிதோ சிறிதோ, திருப்பித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். விட்டாயிற்று என்றால் போனவர் போய்விட்டார் என்று அந்த வீடு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அன்றைக்கே தலை முழுகி, விளக்கு வைத்து, பதினாறாம் நாள் காரியம் செய்வார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்திலேயே முதல் தூண்டில் விழுந்துவிடும். யாரும் போய்க் கேட்கக்கூடாது என்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்திதான்.

முத்துசாமி ஐந்து மாதமாகப் போடவில்லை.

அவருக்கும் முனியம்மாளுக்கும் ஒரே பிள்ளை, மணிமாறன். திண்டிவனத்தில் ஒரு டூ வீலர் ஷோரூமில் மெக்கானிக். ஆவணியில்தான் புனிதாவைக் கட்டிக்கொண்டு வந்தான். விழுப்புரத்துப் பெண். அவளும் திண்டிவனத்திலேயே ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் இருவரும் ஒரே வண்டியில் போவதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் தெருவில் பால் காயும்.

கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது நினைவிருக்கும். வானத்தைக் கிழித்துவிட்ட மாதிரி ஒரு ராத்திரி ஒரு பகல் கொட்டியது. புனிதாவை அன்று கடையிலேயே தங்கச் சொல்லிவிட்டு, அப்பனும் ஆத்தாளும் தனியாக இருக்கிறார்களே என்று மணிமாறன் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர்தான் என்று போனில் சொன்னான். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. வெள்ளம் வடிந்த நாலாம் நாள் வண்டி கிடைத்தது. கல்மடுவின் ஓரத்தில் வேலிகாத்தான் புதருக்குள் தலைகீழாக நட்டுக்கொண்டு நின்றது. ஹெல்மெட் கைப்பிடியில் மாட்டியபடியே இருந்தது. அவன் இல்லை. தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் வந்து இரண்டு நாள் தேடினார்கள். காலனி ஆண்கள் பதினைந்து பேர் கையைக் கோத்துக்கொண்டு மூழ்கி மூழ்கிப் பார்த்தார்கள். அவன் கிடைக்கவில்லை.

"கெடைக்கலன்னா என்னா அர்த்தம்?" என்று முனியம்மாள் கேட்டாள். "நீச்சல் தெரிஞ்ச புள்ள. எங்கியாவது கரை ஏறியிருக்கும். தலையில அடிபட்டு நெனவு தப்பிப் போயிருக்கும். பாண்டிச்சேரியில எந்த ஆஸ்பத்திரியில கெடக்குதோ."

யாரும் மறுத்துப் பேசவில்லை. பேச யாருக்கு மனசு வரும்? அவள் சொன்னதோடு நிற்கவில்லை. தினமும் விடிந்ததும் புனிதாவை வாசலில் உட்காரவைத்துத் தலை வாரி, தோட்டத்துக் கனகாம்பரத்தைத் தொடுத்து வைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு அனுப்புவாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஐந்து மாதம், ஒரு நாள் தவறவில்லை.

முத்துசாமிக்குத் தெரியும், பிள்ளை இல்லை என்று. வண்டியைப் பார்த்த அன்றே தெரியும். ஆனால் தூண்டிலைப் போட்டால் அவர் வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடும். முனியம்மாளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. இதைக் கேட்டால் அவள் தாங்க மாட்டாள் என்று அவர் மனதுக்குள் தீர்மானமாக இருந்தது. கழியைத் தூக்கிக் கூரை எரவாணத்தில் செருகியவர் அதன் பக்கமே திரும்பவில்லை.

பங்குனி போனது. சித்திரை பிறந்தது. மடு நாளுக்கு நாள் உள்வாங்கியது. ஆள் மூழ்கும் ஆழம் இடுப்பளவுக்கு வந்தது. காலையில் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரண்டு கெண்டை செத்துக் கரையில் ஒதுங்கி நாறியது. காலனியில் எல்லோரும் பார்த்தார்கள். முத்துசாமி வீட்டைத் தாண்டும்போது பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் கேட்டது சவுரிராயன்தான். சிலுவை வீட்டுக்காரர். முத்துசாமிக்கு நாலைந்து வயது இளையவர், குவாரியில் வாட்ச்மேன். இரண்டு பேரும் சேர்ந்து மீன் பிடித்தே வயதானவர்கள். ஒரு நாள் சாயங்காலம் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்.

"ணா, உன் சேவலு இன்னும் இருக்குதா, அடிச்சுச் சாப்ட்டுட்டியா?"

"இருக்குது. எதுக்கு?"

"இல்ல, கழுத்துல எறகு மொளைச்சிருக்குது. அஞ்சு வருசமா அத மொட்டைக் கழுத்தோடதான் பாத்திருக்கறேன். இப்ப திடீர்னு மாப்ள மாதிரி சுத்திக்கினு இருக்குது. எனக்கே அடையாளம் தெரியல."

முத்துசாமி சிரிக்கவில்லை. சவுரிராயனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"கேக்கக் கூடாதுதான். நான் வேதக்காரன், எனக்கு இந்தக் கட்டு கெடயாதுன்னு வச்சிக்கினு கேக்கறேன். தண்ணி போவுதுண்ணா. இன்னும் பாஞ்சு நாளு தாங்காது. தின்னவும் தின்னாம, உட்டும் உடாம, அதுங்க அப்படியே சேத்துல கெடந்து சாவும். அது இன்னா பாவம் பண்ணிச்சு?"

"நீ வேதக்காரன்தானே. நீயே போட்டுக்கோ."

"போட்டுட்டு? உன் மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?"

"அவ இருக்கறாளே சவுரி." முத்துசாமி வீட்டுப் பக்கம் தலையைக் காட்டினார். "தூண்டிலப் போட்டேன்னு தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவா. ஒண்ணு போச்சு. இன்னொண்ணும் போவணுமா?"

சவுரிராயன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு, "பேஜாருதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், பஸ்ஸுக்குக் கிளம்பிய புனிதா தெருமுனையில் நின்றாள். அடிபம்பில் குளித்துக்கொண்டிருந்த முத்துசாமி தலையைத் துடைத்துக்கொண்டு வரும் வரை காத்திருந்தாள். தலையில் பூ, நெற்றியில் குங்குமம், கையில் டிபன் பாக்ஸ் பை.

"மாமா, அண்ணன் போன் பண்ணிச்சு. வந்து இட்டுக்கினு போறேன்னு சொல்லுது."

அவள் அண்ணன் நெடுஞ்செழியன் விழுப்புரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்ல பையன். இதுவரை இரண்டு முறை வந்து, ஒன்றும் கேட்காமல் காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தான்.

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அத்தைக்கிட்ட எப்பிடி மாமா சொல்லுவேன்? காலையில தலை வாரும்போது சீப்பு நடு நடுவுல நின்னு போவுது. எனக்குத் தெரியுது. கடையில, வூட்டுக்காரர் இன்னா பண்றாருன்னு புதுசா வந்த பொண்ணுங்க கேக்குதுங்க. வெளியூர்ல இருக்கறாருன்னு சொல்றேன். எத்தினி நாளைக்கு மாமா சொல்றது?"

முத்துசாமி துண்டைப் பிழிந்தார். ஏற்கனவே பிழிந்த துண்டுதான்.

"நான் போறேன்னு சொல்லல. இருன்னாலும் இருக்கறேன். ஆனா நான் யாருன்னு ஒரு பேரு வேணும் மாமா. பொண்டாட்டியா, இல்ல அதுவா. ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. அது போதும்."

'அது' என்று சொன்னாளே தவிர அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அன்று பகல் முழுதும் முத்துசாமி வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் இந்தப் பெண். ஒரு பக்கம் சாகிற மீன். இன்னொரு பக்கம் முனியம்மாளின் மூச்சு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று முறியும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் அவர் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். அவரைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

சேவலைப் பிடித்து இறகு பிடுங்கினார். ரப்பரை வெட்டினார். புதுசாக ஒரு பொய்த்தும்பி கட்டினார். கட்டி முடித்ததும் குறடால் முள்ளின் வளைவை ஒட்ட நறுக்கித் தூரப் போட்டுவிட்டார். நேரான கம்பி மட்டும்தான் இறகுக்குள் மிஞ்சியது. காலனிக்கு, முத்துசாமி முதல் தூண்டில் போட்டுவிட்டார் என்றாகிவிடும். மடு திறந்துவிடும். புனிதாவுக்கும் ஒரு பதில் கிடைத்துவிடும். முனியம்மாளிடம் யாராவது போய்ச் சொன்னால், முள்ளே இல்லாத தூண்டில், நான் எங்கே போட்டேன் என்று சாமி மேல் சத்தியம் செய்துவிடலாம். இப்படி ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று சவுரிராயனிடம் சொன்னார். சவுரிராயன் வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் சத்தியம் செய்கிறார். ஆனாலும் விடிகிற நேரத்தில் முத்துசாமி கழியோடு மடுவுக்கு இறங்கியபோது கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தூண்டிலும் கையுமாக வந்தவர்கள் அதைப் பின்னால் மணலில் படுக்கவைத்துவிட்டுக் கையைக் கட்டி நின்றார்கள். மேலே ஒரு மீன்கொத்தி கத்திக்கொண்டு போனது.

போன வாரம் ஒரு கோடை மழை பெய்திருந்தது. அதற்கே ஒரு விரால் குஞ்சு பொரித்திருந்தது. கோரைப் புல்லை ஒட்டித் தண்ணீருக்கு மேலாக ஒரு தட்டு அகலத்துக்குச் செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம், உலை கொதிப்பது மாதிரி முண்டிக்கொண்டிருந்தது. கீழே தாய் நிற்கும். அது எல்லோருக்கும் தெரியும். முத்துசாமி அந்தப் பக்கம் போடாமல் நடு மடுவில்தான் சுண்டினார். கை பழைய கைதான். தும்பி போய்ப் பூப்போல உட்கார்ந்தது. எழும்பியது. காற்று அதைக் கோரைப் பக்கம் தள்ளியது.

தண்ணீர் வெடித்தது. கை நீளத்துக்கு ஒரு விரால் இறகைக் கவ்விக்கொண்டு புரண்டது. நரம்பு ஒரு நொடி விறைத்தது. உடனே தளர்ந்தது. இறகு மேலே மிதந்தது.

கரையில் ஒருவர் "ச்" என்றார்.

மறுபடி சுண்டினார், தள்ளியே. குஞ்சை வைத்திருக்கிற விராலுக்குத் தள்ளி என்ன, கிட்ட என்ன. தேடி வந்து அடித்தது. இந்த முறை கழியின் நுனி வில்லாக வளைந்தது. விட்டுவிட்டது. மூன்றாம் முறையும் அப்படியே.

சவுரிராயன் மெல்ல அவர் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீரில் மிதக்கும் இறகைப் பார்த்தார். முத்துசாமியின் முகத்தைப் பார்த்தார். வெளியில் கேட்காத குரலில், "ணா, முள்ளு எங்க?" என்றார்.

"இருக்குது."

"எனக்கே பூ சுத்தறியா? அத்தாம் பெரிய வாயில போயி மூணு தபா வெளிய வருது. முள்ளு இருந்தா வருமா?"

"சத்தம் போடாத. போட்டாச்சுன்னு சொல்லிடு. எல்லாரும் பிடிச்சுக்கட்டும்."

"மீனு எங்க? முத மீன விட்டாத்தான் கணக்கு. நான் சொன்னா இவங்க நம்புவாங்க, சரி. மணி நம்புவானா?"

பிள்ளையின் பேரை அந்தக் கரையில் ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஒருவர் சொன்னார். முத்துசாமிக்குக் கழி கையில் கனத்தது. அதை மணலில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் வேலிகாத்தான் புதருக்கு அப்பால் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். முனியம்மாள் வந்தாள். பின்னால் புனிதா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை லீவு. அவளுக்கு அன்று இன்னும் தலை வாரவில்லை. முடி அவிழ்ந்தபடி இருந்தது. பெண்கள் முதல் தூண்டிலுக்கு வருவது கிடையாது. யாரும் தடுக்கவும் இல்லை.

"எத்தினி தபா வுட்ட?" என்று முனியம்மாள் கேட்டாள்.

முத்துசாமி கழியை அவள் பக்கத்திலிருந்து அப்பால் நகர்த்தினார்.

"மூணு தபா. அங்க நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். நாப்பது வருசமா உன் கைய நான் பாத்திருக்கறேன்யா. ஒரு விராலு ஒரு தபா அடிச்சா அது குழம்புலதான் வந்து முழிக்கும். எங்க, எடு அத." நரம்பைப் பிடித்து இழுத்தாள். இறகை விலக்கி உள்ளே இருந்த கம்பியைப் பார்த்தாள். விரலால் தடவினாள். "இன்னாத்துக்கு இப்பிடிப் பண்ண?"

"உனக்காவத்தான்."

"எனக்கா? நான் கேட்டேனா?"

"நீதானே அவன் வருவான் வருவான்னு..."

"சொன்னேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. மார்பில் கையை வைத்து நிறுத்தினாள். முத்துசாமி ஓரடி எடுத்து வைத்தார். அவள் கையைக் காட்டி அவரை அங்கேயே நிற்கச் சொன்னாள். "வண்டியத் தூக்கிக்கினு வந்தப்பவே எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? நீ இன்னா என்னப் பயித்தியம்னு நெனச்சுக்கினு இருந்தியா அஞ்சு மாசமா?"

"அப்ப ஏன்டி..."

"இவளுக்காவ." திரும்பிப் பார்க்காமலே பின்னால் கை காட்டினாள். "பூவ எடுத்துட்டா இவ போயிடுவா. அவன் தொட்ட பொருளு இந்த வூட்டுல இவ ஒருத்திதான் உசுரோட இருக்கறா. இவளும் போயிட்டா? நீ ஒரு மூலையில, நான் ஒரு மூலையில. யாரு மூஞ்சிய யாரு பாக்கறது? அதான் தினம் தினம் பூவ வச்சேன். அது பூ இல்ல. கயிறு. இந்தப் பொண்ணக் கட்டிப் போட்டேன். அது பாவம்னு எனக்குத் தெரியாதா?"

புனிதா அழவில்லை. "எனக்கும் தெரியும் அத்த" என்றாள். கரையில் நின்ற ஆண்கள் எல்லோரும் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முள்ளப் போடுய்யா" என்றாள் முனியம்மாள்.

அவரிடம் வேறு முள் இல்லை. சவுரிராயன் தன் தூண்டிலிலிருந்து ஒன்றை அறுத்துக் கொடுத்தார். முத்துசாமி அந்தக் கம்பியிலிருந்து இறகைப் பிரித்து முள்ளில் வைத்துக் கட்டப் பார்த்தார். நூல் இரண்டு முறை நழுவியது. முனியம்மாள் முள்ளை வாங்கித் தன் இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் சுற்றினார். கடைசி முடிச்சு விழுந்ததும் மீந்த நூலை அவள் பல்லால் கடித்து அறுத்தாள். அவர்கள் வீட்டில் இத்தனை வருஷமும் சண்டை போட்டுக்கொண்டே செய்த வேலை அது.

அவர் போட்டார்.

மூன்று முறை பாய்ந்த விரால் இப்போது வரவில்லை. குஞ்சுக் கூட்டம் கோரைக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. சூரியன் ஏறியது. கத்திரி வெயில் எட்டு மணிக்கே முதுகைப் பொசுக்கியது. அவர் சுண்டிக்கொண்டே இருந்தார். உட்கார், எழும்பு, உட்கார். ஒருவரும் நகரவில்லை. ஒன்பது மணி இருக்கும், கரையோரமாக நரம்பு மெல்ல ஒரு வெட்டு வெட்டியது. வெளியே எடுத்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு குரவை. கறுத்துப்போன, ஒல்லியான மீன். குழம்புக்குக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். முள் உதட்டைத் தாண்டிக் கண்ணுக்குக் கீழே ஏறியிருந்தது.

முத்துசாமி அதைக் கழற்ற முடியாமல் நின்றார். முனியம்மாள்தான் கழற்றினாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். மீனை விட்டாள். அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. செத்த மீனை விட்டால் அது விட்டதாகுமா, எங்கள் வழக்கத்தில் அதற்குப் பதில் கிடையாது.

அவள் குனிந்து அதை அடியிலிருந்து ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். மறு கையால் தண்ணீரை அதன் வாய்ப் பக்கம் தள்ளித் தள்ளிவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லாமல் விடுகிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. செவுள் ஒரு முறை திறந்தது. மறுபடி திறந்தது. வால் அவள் மணிக்கட்டில் பட்டது. அப்புறம் கையில் ஒன்றும் இல்லை.

"பாத்துப் போ" என்றாள்.

அங்கேயே முழுகினாள். முத்துசாமியும் முழுகினார். புனிதா மட்டும் கரையிலேயே நின்று, யாரும் சொல்லாமலே, நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நேற்றைய குங்குமம் கொஞ்சம்தான் இருந்தது.

அன்று யாரும் தூண்டில் போடவில்லை. மடு திறந்தாயிற்று, போடலாம். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சவுரிராயன் தன் நரம்பைச் சுற்றினார். மற்றவர்களும் சுற்றினார்கள். மறுநாளிலிருந்து பிடித்தார்கள். மீன் தீரும் வரை காலனியில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு மணத்தது. ஒரு வீட்டில் மட்டும் பதினாறு நாள் அடுப்பில் வெறும் ரசம்.

காரியம் முடிந்த மறுநாள் வைகாசி எட்டாம் தேதி. நெடுஞ்செழியன் ஆட்டோவிலேயே வந்துவிட்டான், தங்கையை அழைத்துப்போக. சவுரிராயன் மடுவில் பிடித்த விரால் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். முனியம்மாள் அதைச் சாம்பலில் தேய்த்துக் கழுவி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் இலை போட்டாள். புனிதா கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"தின்னு" என்றாள் முனியம்மாள்.

"முடியல அத்த."

"அந்தத் தண்ணில இருந்ததுன்னு பாக்கறியா? தின்னு பொண்ணே. இந்த வூட்டுல இன்னிக்கு வயிறு காயப் போவக்கூடாது."

புனிதா தின்றாள். முள் எடுத்து எடுத்து, மெதுவாக, ஒரு துண்டு விடாமல் தின்றாள். முனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ கிளம்பும்போது புனிதா தலையை வெளியே நீட்டினாள். "வர்றேன் அத்த, வர்றேன் மாமா" என்றாள். வரமாட்டாள் என்று மூவருக்கும் தெரியும். வந்தாலும் ஒரு நாள், இரண்டு நாள். அந்தச் சின்ன வயசுக்கு அதுதான் நியாயம். ஆட்டோ பாலம் ஏறி மறைந்தது.

வீட்டுக்குள் வந்ததும் முத்துசாமிக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. முனியம்மாள் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்த அந்தப் பொழுது வந்துவிட்டது. அவர் எரவாணத்தில் கையை விட்டுக் கழியை உருவினார்.

"எங்க போற?"

"சும்மா. மடுவு வரைக்கும்."

"வெயில்ல."

"உள்ள இருக்க முடியல."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கதவை இழுத்துச் சாத்திக் கொண்டியை மாட்டினாள்.

"இரு. நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? மேடு ஏறி வரும்போது இழுக்கும் உனக்கு."

"இழுக்கட்டும்."

அவர் முன்னால் போனார், அவள் ஏழெட்டு அடி பின்னால். இரண்டு இடத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். கேட்டுவிட்டு அவரும் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. கல்மடுவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. வெயிலில் அடிப்பாறை முழுதும் தெரிந்தது, பாசியும் சேறுமாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. பாறையைத் தவிர வேறு ஒன்றும் அங்கே இல்லை. இருவரும் நின்று அதைப் பார்த்தார்கள். பிறகு அவர் கழியைக் கீழே வைத்தார். அவள் வேலிகாத்தான் நிழலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முள்ளையெல்லாம் பொறுக்கித் தள்ளி அவருக்கும் இடம் செய்தாள்.